எகிப்திய உழவர் ஓவியங்களை உங்கள் நூலில் அச்சிட: தேடல் முதல் அனுமதி வரை

19ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போய்வந்த ஐரோப்பிய ஓவியர்கள் நைல் கரை உழவர்களை, அங்கே ஃபெல்லாஹீன் என்று சொல்லப்படுகிறவர்களை, ஏராளமாக வரைந்திருக்கிறார்கள். ஏற்றம் இறைக்கும் ஆள், ஆற்றில் குடம் நிரப்பும் பெண்கள், களத்தில் சுற்றிவரும் மாடுகள் என்று இணையத்தில் தேடினால் படங்கள் வந்து குவியும். அவற்றில் நான்கைந்தை ஒரு தமிழ் நூலிலோ சிற்றிதழிலோ அச்சிட வேண்டும் என்று இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எது இலவசம், எதற்குப் பணம், யாருக்குக் கடிதம், அச்சகத்துக்கு எந்தக் கோப்பு என்று ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் நான் நிறைய அலைந்தேன். நீங்களாவது அலையாமல் இருக்க, வேலையை அதன் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. தேடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

அட்டைக்கா, உள்பக்கத்துக்கா? வண்ணமா, கறுப்பு வெள்ளையா? எத்தனை பிரதி? அச்சு மட்டுமா, மின்னூலும் உண்டா? எந்த நாடுகளில் விற்கப்போகிறீர்கள்? நூலுக்கு விலை உண்டா? கட்டணம் கேட்கும் இடம் எதுவானாலும் கேட்கும் கேள்விகள் இவைதான். முடிவு செய்யாமல் கடிதம் எழுதினால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், நீங்கள் பதிப்பாளரிடம் கேட்பீர்கள், அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

கால அளவையும் இப்போதே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இலவசமாகத் தரும் அருங்காட்சியகங்களின் படங்கள் அன்றைக்கே கையில் இருக்கும். அனுமதி கேட்க வேண்டியவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். பிரெஞ்சு நிறுவனங்களுக்கு ஆகஸ்ட் மாதம் எழுதிப் பயனில்லை, அங்கே பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். டிசம்பர் கடைசி எங்குமே அப்படித்தான். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமானால் செப்டம்பரிலேயே எல்லாக் கடிதங்களும் போயிருக்க வேண்டும்.

2. ஓவியர் இறந்த ஆண்டைப் பாருங்கள்

இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70, மலேசியாவில் 50, எகிப்தில் 50. நூல் எங்கெல்லாம் விற்கப்படுமோ அந்த நாடுகளில் நீளமான கணக்கை எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

பழைய ஐரோப்பியர்கள் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஃப்ரொமாந்தான் 1876இல் இறந்தார், பெல்லி 1877இல், எலிசபெத் யெரிச்சாவ்-பாவ்மன் 1881இல், லியோபோல்ட் கார்ல் மியூல்லர் 1892இல், ஜெரோமும் குடாலும் 1904இல், லாந்தெல் 1908இல். கொஞ்சம் பிந்தியவரான லியோன் பொன்னா 1922, லுட்விக் டாய்ச் 1935. எல்லாரும் பதிப்புரிமை எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள்.

கண்ணி இருப்பது வேறு இடத்தில். ஐரோப்பியர் வரைந்ததை மட்டும் போடாமல், எகிப்தியரே தம் உழவர்களை எப்படி வரைந்தார்கள் என்றும் காட்டலாமே என்று ஒரு கட்டத்தில் உங்களுக்கே தோன்றும். தோன்றவும் வேண்டும், நூலுக்கு அதுதான் உயிர். ஆனால் மஹ்மூத் சயீத் இறந்தது 1964இல். ஏற்றங்களை அவர் 1934இல் வரைந்த ஓவியத்துக்கு இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கு 2024 முடிவோடு தீர்ந்தது, ஆனால் இலங்கையின் 70 ஆண்டுக் கணக்கில் 2034 முடிய வேண்டும். உழவர் வாழ்க்கையை நிறைய வரைந்த ராகிப் அய்யாத் 1982இல் இறந்தவர், அவருக்கு 60 ஆண்டுக் கணக்கில் 2042 முடிய வேண்டும். உரிமை முடியாத நாட்டில் இவர்கள் படம் வேண்டுமென்றால் வாரிசுகளையோ உரிமையைப் பார்த்துக்கொள்பவரையோ தேடிப் பிடித்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது.

சிற்பத்தில் இன்னொரு நுணுக்கம். கெய்ரோவில் 1928இல் திறக்கப்பட்ட மஹ்மூத் முக்தாரின் ‘எகிப்தின் எழுச்சி’ சிற்பத்தில், ஸ்பிங்ஸின் அருகே முக்காட்டை விலக்கியபடி நிற்பவள் ஓர் உழவர் வீட்டுப் பெண். முக்தார் 1934இல் இறந்துவிட்டார், சிற்பத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் அதை நீங்கள் பார்க்கும் புகைப்படத்துக்கு உரிமையாளர் உண்டு. எந்தக் கோணம், எந்த வெளிச்சம் என்று தேர்ந்தெடுத்து எடுத்த படம் அல்லவா? தட்டையான ஓவியத்தை அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்கு அமெரிக்காவில் தனி உரிமை இல்லை என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019ஆம் ஆண்டு ஆணையில் அதே வழிக்கு வந்துவிட்டது. சிற்பப் புகைப்படத்துக்கு இதெல்லாம் பொருந்தாது.

3. தேடலை அருங்காட்சியகங்களின் தளத்திலிருந்து தொடங்குங்கள்

கூகுள் படத்தேடலும் விக்கிமீடியாவும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். கோப்பை அங்கிருந்து எடுக்காதீர்கள். ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பக்கத்துக்குப் போய், அந்தப் படைப்புக்கு அவர்கள் தந்திருக்கும் பதிவு எண்ணோடு அதே படத்தைப் பார்க்கும்வரை அது உங்கள் பட்டியலில் சேரக்கூடாது. பதிவு எண் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், நான் இதில் சமரசம் செய்துகொள்வதில்லை.

நல்ல தொடக்கம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். 2017 பிப்ரவரியிலிருந்து பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை ‘சிசி ஜீரோ’ என்ற உரிமத்தில் தருகிறார்கள் (‘சிசி’ என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகையின் சுருக்கம்). அனுமதி கேட்க வேண்டாம், கட்டணம் இல்லை, விற்கும் நூலிலும் போடலாம். அங்கே பொன்னாவின் ‘எகிப்திய உழவர் பெண்ணும் அவள் குழந்தையும்’ இருக்கிறது. 1869–70இல் வரைந்தது, பதிவு எண் 87.15.97, உயரம் 186.7 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஆள் உயரம். முதல் படமாக இதையே எடுத்துப் பழகிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

டென்மார்க்கின் தேசியக் கலைக்கூடமும் இப்படித்தான். யெரிச்சாவ்-பாவ்மனின் குழந்தையோடு இருக்கும் உழவர் பெண்ணும் (1872), கிசா அருகே மண்பாண்டம் விற்கும் பெண்ணும் அங்கே உள்ளன. எகிப்தை வரைந்த ஐரோப்பியரில் பெண் ஓவியர்கள் குறைவு, அதற்காகவே இவரைச் சேர்க்கலாம். சிகாகோ, கிளீவ்லாந்து, பாரீஸ் நகர அருங்காட்சியகங்கள், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் ஆகியவையும் தாராளமானவை. இவற்றில் ஓவியம் கிடைக்காவிட்டாலும் பென்சில் வரைவுகளும் அச்சுப்படங்களும் கிடைக்கும். பல நேரம் முடித்த ஓவியத்தைவிட அந்த வரைவுகள் உண்மையாக இருக்கும்.

தேடுசொல்லை ஒரே மொழியில் வைத்துக்கொள்ள வேண்டாம். ‘ஃபெல்லா’ (ஃபெல்லாஹீன் என்பதன் ஒருமை) என்ற சொல் ஒவ்வொரு ஐரோப்பிய மொழியிலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ‘எகிப்திய உழவர்’, ‘நைல் கரை’, ‘ஷாதூஃப்’ (எகிப்திய ஏற்றம்), ‘சாகியா’ (மாடு சுற்றும் நீர்ச்சக்கரம்), ‘குடம் சுமப்பவள்’ என்பவற்றுக்கு ஆங்கில, பிரெஞ்சு, ஜெர்மன் வடிவங்களை ஒரு பட்டியலாக எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

4. அதே ஓவியம்தானா?

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் போனது, உங்களுக்கும் போகும்.

பெயரை நம்பாதீர்கள். ஓவியர் வைத்த பெயர் ஒன்று, பாரீஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனின் பட்டியலில் இருந்த பெயர் ஒன்று, வணிகர் விற்கும்போது ஒட்டிய பெயர் ஒன்று. ஜெரோம் வரைந்த ஒரு படத்தில் உழவர் ஒருவர் நோரக் என்ற சறுக்குவண்டியின் இருக்கையில் அமர்ந்து மாடுகளை ஓட்டிக் களத்தில் சுற்றி வருகிறார். 1861 சலோனில் அது ‘எகிப்திய வைக்கோல் வெட்டி’. ஆங்கிலத்தில் ‘தானியம் போரடிப்பவர்கள்’ என்று தேடினாலும் அதே களத்துக்கு வந்து நிற்பீர்கள்.

லாந்தெலின் ‘ஃபெல்லா பெண்’ இன்னும் மோசம். 1866 சலோனில் மூன்றாம் நெப்போலியன் கண்ணில் பட்டு விலைபோன படம் அது. கிராக்கி கூடியதும் ஓவியரே அதைத் திரும்பத் திரும்ப வரைந்து விற்றார். நீங்கள் வைத்திருக்கும் கோப்பு எந்தப் பிரதி என்று தெரியாமல் ‘1866’ என்று போட்டால் தவறாகிவிடும். அளவு, பதிவு எண், இருக்கும் இடம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஆண்டைப் போடுங்கள்.

அச்சுப்படம் வேறு, ஓவியம் வேறு. ஜெரோமின் மாமனார் அடோல்ஃப் கூப்பில், பாரீஸின் பெரிய கலை வணிகர், அச்சுப்பட வெளியீட்டாளர். மருமகன் ஓவியங்கள் பல அச்சுப்படங்களாகி உலகம் முழுக்கப் போயின. உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த அச்சானால் அப்படியே குறிப்பிடுங்கள். பழைய செதுக்கு அச்சுகளில் இடம் வலமாகத் திரும்பியும் இருக்கும். ஓவியத்தில் வலக்கையில் இருக்கும் கயிறு அச்சில் இடக்கைக்குப் போயிருந்தால் காரணம் அதுதான். அதைத் ‘திருத்த’ அச்சகத்தார் ஆசைப்படுவார்கள், விடாதீர்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. சிறிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கி யார் யாரோ பதிவேற்றுகிறார்கள். முகத்தையும் விரல்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். தூரிகைத் தடமும் வண்ணத்தில் விழுந்த நுண்விரிசலும் இல்லாமல் தோல் வழவழவென்று இருந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள்.

5. உரிமக் குறியை வரிவரியாகப் படியுங்கள்

படத்தின் கீழே இருக்கும் சின்ன எழுத்துதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கிறது. ‘சிசி ஜீரோ’ அல்லது ‘பப்ளிக் டொமைன்’ (பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்து) என்றால் கவலையில்லை. ‘சிசி பை’ என்றால் பெயர் குறிப்பிட்டால் போதும். ‘என்சி’ என்று ஒட்டியிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. இருநூறு பிரதி அச்சடித்துப் பாதியை நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கிறோம், இது என்ன வணிகம் என்று நமக்குத் தோன்றும். அட்டையில் விலை போட்டிருந்தால் வணிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இலவசப் படங்கள் இந்த ‘என்சி’ வகையில்தான் வருகின்றன, விலையுள்ள நூலுக்கு அவர்களுடைய படப் பிரிவை அணுக வேண்டும். ‘என்டி’ என்றால் வெட்டவோ மாற்றவோ கூடாது. அட்டைக்காகத் தலையை மட்டும் வெட்டி எடுத்தால் அதுவும் மாற்றம்தான்.

படத்தை இறக்கிய அன்றே அந்தப் பக்கத்தை உரிமக் குறியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்பின் பெயரில் தேதியையும் போட்டு வையுங்கள். தளங்கள் வடிவம் மாறும், விதிகளும் மாறும். பிற்பாடு யாராவது கேட்டால் காட்ட வேறு சான்று இருக்காது.

6. கட்டணம் கேட்கும் இடங்களுக்குக் கடிதம்

பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஃப்ரொமாந்தானின் நைல் நதிப் படங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு தேசிய அருங்காட்சியகங்களின் உயர்தரப் படங்கள் பெரும்பாலும் ஆர்.எம்.என் என்ற பட முகமை வழியாகக் கிடைக்கும். பிரிட்டனில் பிரிட்ஜ்மன் போன்ற தனியார் முகமைகள் உண்டு. இவர்களிடம் நிலையான விலை இல்லை. பிரதி எண்ணிக்கை, படத்தின் அளவு, அட்டையா உள்பக்கமா, எத்தனை மொழி, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்து மாறும். உள்பக்கத்தில் ஒரு படத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகலாம், அட்டைக்கு அதைவிடக் கூடும். ஆனால் முதலில் சொல்லும் விலையோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நூலின் பெயர், அது தமிழ் நூல் என்பது, பதிப்பகம், பிரதி எண்ணிக்கை, விலை, வெளிவரும் மாதம், விற்பனை நாடுகள், படத்தின் பதிவு எண், எந்த அளவில் எந்தப் பக்கத்தில் வரும் என்பது, இவ்வளவும் வேண்டும். ‘ஒரு மொழியில், முந்நூறு பிரதி, கல்விசார் நூல், குறைந்த கட்டணம் சாத்தியமா’ என்று நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓர் ஐரோப்பிய நிறுவனம் எனக்கு முதலில் அனுப்பிய விலை எங்கள் மொத்த அச்சுச் செலவை நெருங்கியது. பிரதி எண்ணிக்கையைச் சொல்லித் திரும்ப எழுதியதும் கணிசமாகக் குறைத்தார்கள். குறைக்காவிட்டால் அதே ஓவியரின் வேறு படத்தை இலவசத் தளத்தில் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

கேட்காமல் விட்டால் பின்னால் செலவு வைக்கும் சில விஷயங்கள் உண்டு. மின்னூல் சேர்ந்ததா என்று கேளுங்கள், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். மறுபதிப்புக்குத் திரும்பக் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நூல் வந்ததும் இரண்டு பிரதி அனுப்பச் சொல்வார்கள், அதன் விமானத் தபால் செலவு நூலின் விலையையே தாண்டும். கிரெடிட் கார்டு வழியாகப் பணம் கட்டினால் வங்கி வெளிநாட்டு நாணயக் கட்டணம் பிடிக்கும். பதிப்பகத்தின் பெயரில் பணம் போகிறது என்றால், வெளிநாட்டு உரிமத் தொகைக்கு வரி பிடித்தம் உண்டா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

7. தனியார் கையில் இருக்கும் ஓவியங்கள்

இந்த வகை ஓவியங்களில் பெரும்பகுதி தனியாரிடம் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் எகிப்திலும் சேகரிப்பவர்கள் அதிகம். ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் அருமையான உழவர் காட்சிகள் கிடைக்கும், ஆனால் அந்தப் புகைப்படத்தை நிறுவனத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எழுதிக் கேட்டால் சில சமயம் ‘நன்றி: இன்ன நிறுவனம்’ என்று போடும் நிபந்தனையில் தந்துவிடுவார்கள், சில சமயம் பதிலே வராது. இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு செய்தி. கோலாலம்பூரில் உள்ள மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திடம் ஐரோப்பியரின் கீழைத்தேய ஓவியத் தொகுப்பு (மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கக் காட்சிகளை வரைந்தவை) ஒன்று உண்டு, 2019இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதை வைத்துப் பெரிய கண்காட்சியே நடந்தது. பாரீஸுக்குக் கடிதம் போடும் முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

யாரையும் கேட்க வேண்டாத வழியும் இருக்கிறது. பழைய படப் பத்திரிகைகளிலிருந்து பிரித்த மரச்செதுக்கு அச்சுத் தாள்கள் விற்பனைக்கு வருகின்றன. நூலுக்கு வண்ணம் தேவையில்லை என்றால் ஒரு தாள் வாங்கி நீங்களே ஸ்கேன் செய்துகொள்ளலாம். ‘கையால் வண்ணமிட்டது’ என்றால் அந்த வண்ணம் பெரும்பாலும் வணிகர் பிற்காலத்தில் பூசியது, வெறும் கறுப்பு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாமலிருக்கத் தாளின் முதுகில் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்.

8. அச்சகத்துக்குப் போகும் கோப்பு

கணக்கு சுலபம். டெம்மி அளவு (5.5க்கு 8.5 அங்குலம்) நூலில் முழுப் பக்கப் படத்துக்கு 300 டிபிஐ என்றால் 1650க்கு 2550 பிக்சல். பக்க விளிம்பு வரை படம் ஓடினால் வெட்டுக்கு இடம்விட்டு 1725க்கு 2625 வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் குறைந்த கோப்பானால் படத்தைச் சிறிதாகப் போடுங்கள், கோப்பை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் படம் செத்துவிடும். பொன்னாவின் அந்தத் தாய் அணிந்திருப்பது கருநிற அங்கி, அதன் மடிப்புகளில்தான் ஓவியரின் வேலை முழுவதும் இருக்கிறது. சாதாரணப் புத்தகத் தாளான மேப்லித்தோவில் அது ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மணல் நிறம் அழுக்கு மஞ்சளாகும். படங்களையெல்லாம் சேர்த்து நடுவில் ஒரு பாரம், அதாவது 16 பக்கம், ஆர்ட் பேப்பரில் போட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். கோப்பை அச்சு மைகளின் நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய பிறகு ஒரு சோதனை அச்சு கேளுங்கள். அதை அருங்காட்சியகத் தளத்தின் படத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. படக்குறிப்பு

ஓவியர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, அருங்காட்சியகம், பதிவு எண், கொடையாளர் வரி (ஓவியத்தை யார் கொடுத்தார் என்று அருங்காட்சியகம் போடும் வரி). கட்டணம் கட்டிய படமென்றால் அவர்கள் தந்த நன்றி வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். தமிழில் எழுதலாமா என்று கடிதத்திலேயே கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

அதற்கு மேல் நீங்கள் எழுதும் இரண்டு வரியில்தான் தப்புகள் நுழையும். ஃபெல்லா என்றால் நிலத்தில் உழைக்கும் கிராமத்தார். பாலைவன நாடோடியான பெதுயின் வேறு, தெற்கு எகிப்தின் நூபியர் வேறு, கெய்ரோ நகரத்துப் பெண் வேறு. எல்லாரையும் ‘அரபுப் பெண்’ என்று எழுதிவிடாதீர்கள். ஷாதூஃப் நம் ஏற்றத்தின் உறவுதான், ஆனால் நம் ஊரில் போல அங்கே ஆள் துலாமரத்தின் மேல் நடப்பதில்லை. கரையில் நின்றபடி கயிற்றையோ கழியையோ கீழே இழுத்து வாளியில் நீர் மொள்கிறார், மறுமுனையில் உலர்ந்த களிமண் உருண்டை எடைக்குத் தொங்குகிறது. மாடு சுற்றிவர, குடங்கள் கட்டிய சக்கரம் நீரை ஏற்றினால் அது சாகியா. களத்தில் ஓடுவது நோரக், அதன் அடியில் வரிசையாக இரும்புத் தட்டுகள் உருண்டு வைக்கோலை நறுக்கும். நம்மூர்ப் போரடிப்பு மாட்டின் குளம்பால் நடப்பது, அங்கே இரும்பும் சேர்ந்துகொள்கிறது.

‘19ஆம் நூற்றாண்டு எகிப்திய உழவர் வாழ்க்கை’ என்று படத்தின் கீழ் எழுதுவதையும் தவிருங்கள். ‘ஜெரோம் வரைந்த எகிப்திய உழவர்’ என்று எழுதுங்கள். பல ஓவியங்கள், பயணத்தில் எடுத்த வரைவுகளையும் புகைப்படங்களையும் வைத்து ஐரோப்பியக் கூடங்களில் முடிக்கப்பட்டவை. குடால் எகிப்திய ஆடுகளை இங்கிலாந்துக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வரைந்தவர். அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவுக்கு 1856இலேயே ரயில் வந்தாயிற்று, சூயஸ் கால்வாய் தோண்ட உழவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோனது 1860களின் தொடக்கத்தில். இந்த ஓவியங்களில் ரயிலையும் காணோம், கால்வாயில் மண் சுமப்பவர்களையும் காணோம். அதைப் படக்குறிப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால் வாசகர் படத்தைச் சரியாகப் பார்ப்பார்.

10. நூல் வந்த பிறகு

கேட்ட இடங்களுக்கு ஒப்புக்கொண்ட பிரதிகளை அனுப்பித் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை போட்டு உரிமப் பக்கத்தின் பிடிஎஃப், கடிதப் போக்குவரத்து, பணம் கட்டிய ரசீது, மூலக் கோப்பு நான்கையும் அதில் வையுங்கள். அதன் ஒரு நகல் பதிப்பாளரிடமும் இருக்கட்டும். அனுமதி ஐந்து ஆண்டுக்கு என்றால் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். கையிருப்புப் பிரதிகளை அதற்குப் பிறகும் விற்கலாமா என்பதை அனுமதிக் கடிதம் சொல்லவில்லையென்றால் அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.